டத்தோ குதிரை

வால்தம்ஸ்டோ, லண்டன்
10-2-1991

அன்புள்ள தங்கச்சி பவளக்கொடிக்கு,

உன் அண்ணன் வெங்கடாசலம் சொந்தக் கையால் எழுதுகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் எழுத்தைப் பார். மகள் நீலவேணி எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இது ஒவ்வொன்றும் கோழிமுட்டை. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு முழங்கால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது.

ஆர்ச்வே முருகன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு நானும் உட்காருகிறேன். வேதவல்லி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, பேனையை இப்பிடி நெரிக்காதேங்கோ, அது எங்கையும் ஓடாது" என்பார். நம் அப்பா உன்னைத் தோட்டத்துப் பள்ளிக்கும் என்னை ரப்பர்ப் பால்மரம் வெட்டவும் அனுப்பினார் இல்லையா? உன் பெயரில் ஒரு ள இருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதை எழுதும்போது சிரிப்பு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீலவேணி என்னை ஒரு பெரிய மியூசியத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். உள்ளே போகக் காசு வாங்குவதில்லை, கதகதப்பாகவும் இருக்கும். அங்கே சீனத்துச் சாமான்கள் இருக்கும் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குதிரை நிற்கிறது. என் இடுப்பு உயரம். மண்ணில் செய்து, மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுப் பூசிச் சுட்டிருக்கிறார்கள். தேன் நிறம், பச்சை, பால் நிறம் மூன்றும் ஒன்றோடொன்று வழிந்து இறங்கியிருக்கின்றன. இப்போதுதான் குளிப்பாட்டிவிட்ட மாதிரி பளபளப்பு. முதுகில் சேணம் இருக்கிறது. மேலே ஆள் இல்லை. நான் அங்கேயே கை கூப்பிவிட்டேன். நம் ஐயனார் குதிரே, பவளம்! ஏறுகிறவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார் அல்லவா?

நீலவேணி நர்ஸ் படிப்புக்கு லண்டன் போனால் தோட்டத்து ஐயனாருக்குக் குதிரை எடுத்து வைக்கிறேன் என்று உன் அண்ணி நேர்ந்துகொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். எடுப்பதற்குள் உன் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசியிலும் அதையேதான் சொன்னாள். அங்கே செய்கிற மண்குதிரை இரண்டு மழைக்கே காது உதிர்ந்துவிடும். இப்படிப் பூச்சுப் பூசின குதிரை ஒன்று கிடைத்தால் அவள் வேண்டுதல் எந்த மழையிலும் கரையாது.

பெட்டிக்குக் கீழே ஏதோ எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆசையாகக் குனிந்தேன். எல்லாம் இங்கிலீஷ். அறுபத்தொன்பது வயதில் ஒரு எழுத்தைப் படித்து முடித்தால் வேறு எழுத்தை நீட்டுகிறார்கள். என்ன செய்ய?

தோட்டத்தை விற்றுவிட்டார்களாமே? கோயில் என்ன ஆகும்? உடனே எழுது.

இந்தக் கடிதத்தை எழுதக் காலையில் உட்கார்ந்தேன், இப்போது விளக்குப் போட்டாயிற்று.

உன் அண்ணன்
வெங்கடாசலம்


சுங்கை சிப்புட், பேராக்
2-3-1991

பாசமுள்ள அண்ணனுக்கு,

பவளக்கொடி எழுதுவது. உங்கள் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றவர்கள் சுகம். நீலவேணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி, வாசலிலேயே நின்று படித்தேன். அழுதுவிட்டேன். பிறகு சிரித்தேன். அண்ணே, ஓரிடத்தில் குதிரை என்று எழுதும்போது 'ரை'க்குப் பதிலாக 'ரே' போட்டிருக்கிறீர்கள். இரட்டைக் கொம்பு முளைத்த குதிரையை ஐயனாரே பார்த்திருக்க மாட்டார்.

தோட்டத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். கோயிலுக்கு ரோட்டோரம் வேறு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆடிப் பூசைக்குள் சாமியை அங்கே கொண்டுபோக வேண்டும். "நேந்துகிட்டவங்க இந்த ஆடிக்குள்ள குதிரையக் கொண்டாந்துடுங்க. அதுக்கப்புறம் புதுசா எதுவும் வைக்கக் கமிட்டி விடாது" என்று பூசாரி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார். உங்களால் முடிந்தால் அனுப்புங்கள். அண்ணி ஆத்மா குளிரும்.

உங்கள் தங்கை
பவளக்கொடி


வால்தம்ஸ்டோ
24-3-1991

அன்புள்ள பவளத்துக்கு,

அங்கே எல்லோருக்கும் சுகம் கிடைக்கட்டும். மாப்பிள்ளையைச் சீனி போட்ட கோப்பிப் பக்கம் போக விடாதே.

கொம்பை வெட்டிவிட்டேன். குதிரை. குதிரை. குதிரை. பார்த்தாயா?

குதிரை கிடைத்துவிட்டது! சோஹோவில் சீனர்கள் கடைத்தெரு இருக்கிறது. ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே குதிரையைச் சிறிதாகச் செய்து வைத்திருந்தார்கள். முழங்கை உயரம். அதே தேன் நிறம், அதே பச்சை, அதே வழிசல். கடைக்காரர் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரியவில்லை என்றதும் மலாயில் பேசினார். பார்த்தால் ஈப்போக்காரர்! எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. "இது என்ன குதிரை?" என்று மலாயில் கேட்டேன். "இனி குடா டத்தோ, இது டத்தோ குதிரை அங்கிள். அந்தக் காலத்து டத்தோமாருக்கு வைக்கிறது" என்றார்.

டத்தோ! நம் ஊர் ரோட்டோரத்தில், மரத்தடியில் சீனர்கள் சிவப்புக் கூண்டு கட்டி, ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவார்களே, அந்த டத்தோ. அதுவும் காவல் தெய்வம்தானே? நான் பார்த்தவுடனே நினைத்தது சரியாகிவிட்டது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு, டியூப் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

நீலவேணி பார்த்துவிட்டு, "அது அலமாரில வைக்கிற பொம்மைலா அப்பா. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றாள். யாருக்காக நேர்ந்துகொண்டதோ அவளுக்கே பொம்மையாகத் தெரிகிறது.

அவளோடு வேலை செய்கிற கத்தரின் ஈப்போப் பெண். அடுத்த மாதம் லீவில் வருகிறாள். அவள் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். வந்தவுடன் பூசாரியிடம் கொடுத்து, மஞ்சள் துணி கட்டி, ஐயனாருக்கு வலது பக்கம் வைக்கச் சொல். வைத்த அன்றே எழுது.

உன் அண்ணன்
வெங்கடாசலம்


சுங்கை சிப்புட்
12-5-1991

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறீர்களா? இங்கே அவர் இப்போது பரவாயில்லை.

கத்தரின் நல்ல பெண். இவர் ஈப்போவுக்குப் போய் வாங்கிவந்தார். உடையாமல் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தபோது சீனன் கடை லிம் அம்மா முட்டை கொடுக்க வந்திருந்தார். அவரும் பார்த்தார்.

இந்த வருடம் டுரியான் பழம் சீக்கிரமே விழ ஆரம்பித்துவிட்டது. சின்னப் பேரன் நடக்கிறான். பக்கத்து வீட்டு ஓடு மாற்றுகிறார்கள், ஒரே தூசு.

குதிரை பத்திரமாக இருக்கிறது. கோயிலில் வேலை நடக்கிறது. பார்க்கலாம்.

உங்கள் தங்கை
பவளக்கொடி


வால்தம்ஸ்டோ
2-6-1991

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம்தான். நீங்களும் அப்படியே இருங்கள்.

பார்க்கலாம் என்றால் என்ன? நம் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் லீவு கேட்டால் அவர்தான் பார்க்கலாம் என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். பூசாரியிடம் கொடுத்தாயா இல்லையா? பத்திரமாக இருக்கிறது என்கிறாய். பத்திரமாக வைத்துக்கொள்ள இங்கேயே அலமாரி இருந்ததே!

உன் கடிதத்தை எனக்கு யாரும் படித்துச் சொல்வதில்லை, நானே படிக்கிறேன். டுரியானும் ஓடும் தூசும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்து, குதிரைக்கு வந்தால் ஒரே வரி. எனக்கு எப்படி இருக்கும்?

நேற்றும் மியூசியத்துக்குப் போனேன். குதிரையைச் சுற்றி வேறு உருவங்களும் வரிசையாக நிற்கின்றன. ஒட்டகம், நீள அங்கி போட்ட அதிகாரிகள், கொம்பும் இறக்கையும் வைத்து முறைக்கிற காவல் பூதங்கள். நம் முனியாண்டி சாமி முறைப்பதும் இப்படித்தானே? ஒன்று கவனித்தேன். அதிகாரிகளின் உடுப்பெல்லாம் பளபளக்கிறது, முகத்தில் மட்டும் பூச்சு இல்லை. வெறும் மண். முகத்துக்குத் தனியாக வர்ணம் தீட்டி அது உதிர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காவல்காரர் என்னைப் பார்த்தால் இப்போது தலையாட்டுகிறார். அவரிடம் கேட்கலாம் என்றால் எனக்கு இங்கிலீஷ் வாய் இல்லை.

குதிரையைப் பற்றி மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணன்
வெங்கடாசலம்


சுங்கை சிப்புட்
30-6-1991

பாசமுள்ள அண்ணனுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

மழை விடவில்லை. பூசாரிக்கும் உடம்பு சரியில்லை. கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் இருக்கிறேன், அண்ணி காரியத்தை நான் விட்டுவிடுவேனா?

உங்கள் எழுத்து இப்போது நன்றாக வருகிறது. கொம்பெல்லாம் சரியாக இருக்கிறது.

உங்கள் தங்கை
பவளக்கொடி


வால்தம்ஸ்டோ
14-7-1991

பவளக்கொடிக்கு,

இங்கே சுகம்.

என் எழுத்தை நான் கேட்டேனா? மழை என்கிறாய். மழையில் கரையாத குதிரை என்று படித்துப் படித்துச் சொல்லித்தானே அனுப்பினேன்? கோபத்தில் அழுத்தி எழுதி ஒரு தாள் கிழிந்துவிட்டது. இது இரண்டாவது தாள். டீச்சர், "கோவத்திலை எழுதினாலும் புள்ளி வையுங்கோ ஐயா" என்கிறார். வைத்திருக்கிறேன், பார்.

இன்னும் சில நாளில் ஆடி பிறக்கிறது. இந்த ஆடி போனால் அவள் வேண்டுதல் போயிற்று. வைத்தாயா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் போடு.

வெங்கடாசலம்


வால்தம்ஸ்டோ
18-8-1991

அன்புள்ள பவளத்துக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை நான் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, பயந்து எழுதுகிறேன்.

ஆடி முடிந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இப்போது நான் கேட்பது வேறு. குதிரையைக் கோயிலில் வைக்காமல் இருந்தால் வைக்காதே. வைத்துவிட்டிருந்தால் உடனே எடுத்துவிடு.

நேற்று வேதவல்லி டீச்சரை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். என் குதிரையைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரே பெருமை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தார். பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார். "என்ன டீச்சர், கடினமான இங்கிலீஷா?" என்றேன்.

"இங்கிலீஷ் சுகம் ஐயா. விசயம்தான் கடினம்" என்றார். "ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முந்தினது. இது எல்லாம் பிரேதக்குழிக்குள்ளை வைச்சதாம். பெரிய ஆள் செத்தால், அந்த ஆளுக்கு அங்கை வேணும் எண்டு குதிரை, ஒட்டகம், வேலைக்காரர் எல்லாம் மண்ணாலை செய்து, சவ ஊர்வலத்திலை கொண்டுபோய், கூட அடக்கம் பண்ணுறதாம். இதைக் கோயிலுக்கோ அனுப்பினனீங்கள்? ஐயோ, துடக்கெல்லே!"

அவர்கள் துடக்கு என்பதை நாம் தீட்டு என்போம். சேணம் காலியாக இருந்தது சாமிக்காக இல்லை, பவளம். செத்தவருக்காக.

அங்கிருந்து நேரே கடைக்குப் போய் ஈப்போக்காரரிடம் சண்டை பிடித்தேன். "டத்தோ என்று சொன்னாயே!" என்றேன். அவர் விழித்தார். "ஆமா அங்கிள். டத்தோ. தாத்தா. செத்துப்போன தாத்தாமார்" என்றார். மலாயில் இரண்டுக்கும் ஒரே சொல். அறுபது வருடம் அந்தப் பாஷையில் மீன் வாங்கியிருக்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தாத்தா ஞாபகம் வரவில்லை. ஐயனார்தான் வந்தார்.

யாரைத் திட்டுவது? டீச்சரையா, கடைக்காரரையா? பிழையாக எழுதினால் அழித்து எழுதலாம் என்று வகுப்பில் சொல்வார்கள். கடல் தாண்டிப் போன குதிரையை எதைக் கொண்டு அழிப்பது? அவள் வேண்டுதலை நிறைவேற்றப் போய், சாமி வீட்டில் தீட்டை வைக்கப் பார்த்தேன்.

தயவுசெய்து எழுது.

அண்ணன்
வெங்கடாசலம்


சுங்கை சிப்புட்
8-9-1991

பாசமுள்ள அண்ணனுக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். குதிரை கோயில் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இவருக்குச் சர்க்கரைகூட இறங்கியிருக்கிறது.

எனக்கு முதல் நாளே தெரியும். பெட்டியைப் பிரித்தபோது லிம் அம்மா முட்டையோடு நின்றார் என்று எழுதினேன் அல்லவா? குதிரையைப் பார்த்தவுடன் அப்படியே பின்வாங்கி ரோட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே, "பவளம், உங்க வீட்டுல யாரு செத்தது?" என்று கேட்டார். சிங் மிங் நாளில் அவர்கள் கல்லறையில் காகித வீடும் காகிதக் காரும் கொளுத்துவார்களே, அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கு அதையே மண்ணில் செய்து புதைப்பார்களாம். அவர்கள் வீட்டில் அதை உள்ளே விடமாட்டார்களாம். நான் அதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடிவைத்தேன்.

உங்கள் மாப்பிள்ளை வாய் சும்மா இருக்குமா? பூசாரியிடம் உளறிவிட்டார். அவர் வீட்டுக்கே வந்து, "காட்டுக்குப் போக வேண்டியத வீட்டுக்குக் கொண்டாந்துட்ட. கோயிலுக்கும் கொண்டாரப் பாக்குறியா?" என்று கத்தினார்.

இதை நான் உங்களுக்கு எப்படி எழுதுவேன், அண்ணே? பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் கடிதம் எழுதுகிறீர்கள். முட்டை முட்டையாக எழுதி, குதிரை குதிரை குதிரை என்று மூன்று முறை போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாகத் தீட்டு என்று ஒரு சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. டுரியானைத்தான் எழுத முடிந்தது.

ஆடி அமாவாசைக்கு நான் ஒரு முடிவு செய்தேன். குதிரையைத் துடைத்து, மஞ்சள் துணி சுற்றி, தோட்டத்து இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இடுகாட்டை மட்டும் கைவைக்காமல் விட்டிருக்கிறார்கள். அண்ணி தலைமாட்டில் புல்லைப் பிடுங்கி, அங்கே வைத்தேன். லிம் அம்மாவும் கூடவே வந்தார். "இப்பத்தான் சரியான இடத்துக்கு வந்திருக்கு" என்று ஊதுவத்தி ஏற்றினார். நான் அண்ணியிடம் சொன்னேன்: "அண்ணி, நீங்க நேந்துகிட்ட குதிரை வந்திருச்சு. அண்ணன் அனுப்புனது. தீட்டெல்லாம் எங்களுக்குத்தான், உங்களுக்கு என்ன? நீங்களே ஏறிப்போயி ஐயனாருகிட்ட விட்டுடுங்க."

திரும்பி வரும்போது பூசாரியைப் பார்த்தேன். மறைக்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எந்தப் பக்கம் பாத்து வச்ச?" என்று கேட்டார்.

"புதுக் கோயில் இருக்கிற பக்கம்."

"அப்ப வந்து சேந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை
பவளக்கொடி


வால்தம்ஸ்டோ
6-10-1991

அன்புள்ள தங்கச்சி பவளக்கொடிக்கு,

நான் சுகம். நீலவேணி சுகம். உன் கடிதத்தை அவளுக்கு நான் படித்துக் காட்டினேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், கோட்டைப் போட்டுக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முடியும்வரை கேட்டாள்.

நீ செய்தது சரி. ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். உன் அண்ணிக்குக் குதிரை ஏறத் தெரியாது. நீலவேணி பிறக்க இருந்த சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு என் சைக்கிளில் பின்னால் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று கேரியரைப் பிடித்துக்கொண்டே முழுத் தூரமும் நடந்தாள். சைக்கிளுக்கே அப்படி என்றால், குதிரையில் தனியாக எப்படிப் போவாள்? அவள் இன்னும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு காரியம் முழுதாக முடிகிறதா, பார்!

மறுபடி மியூசியத்துக்குப் போனேன். குதிரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, இரண்டும் மூடிய முஷ்டி. நான் அவனைச் சண்டைக்காரன் என்று நினைத்திருந்தேன். டீச்சர் வாசித்துச் சொன்னார், அவன் குதிரைக்காரன். முஷ்டிக்குள் ஓட்டை இருக்கிறது. கடிவாளக் கயிறு பிடித்திருந்த கை. கயிறு இற்றுப்போய்விட்டது, ஆள் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஈப்போக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அவனை வாங்கிவிட்டேன். கத்தரினுக்குத் தெரிந்தவர்கள் தீபாவளிக்கு வருகிறார்கள், அவர்கள் கையில் வரும். குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்து. இவனுக்கும் அங்கியில்தான் பூச்சு, முகத்தில் வெறும் வர்ணம். மழையில் மங்கிவிடும். மங்கட்டும். உன் அண்ணி அந்நிய ஆண் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லி, அவன் முஷ்டியிலிருந்து குதிரை வாய்க்கு ஒரு நல்ல கயிறு கட்டிவிடு. நீளமாக விடாதே. குட்டையாக, இறுக்கமாக இருக்கட்டும். ஓட வேண்டாம். நடந்து போனால் போதும்.

உன் அண்ணன்
வெங்கடாசலம்